இருக்கு, இறக்கு

இன்னும் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா சிஸ்டர்? இல்ல இல்ல, வலிக்கல. சும்மாதான் கேட்டேன். கையில பட்டியச் சுத்திக் காத்து அடிக்கிறீங்கல்ல, அது இறுக இறுக, நாம ஏதோ திருடி மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு நெனப்பு. பேசக் கூடாதா? சரி, பேசல. முதுக சாய்ச்சு உக்காரணுமா? அடடா, சாயுறதுன்னா எப்படின்னே மறந்து போச்சு. இப்படியா? சரி.

எவ்வளவு? அட, சொல்லுங்க, நான் என்ன பச்சப் புள்ளையா? இல்ல, நடுவுல நான் பேசிட்டேன்ல, அதுல தப்பாக் காட்டியிருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஒரு தடவ பாருங்க. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. அவசரம் இருக்கு, ஆனா அது மேல இருக்கு. இங்க இல்ல.

இருங்க, இருங்க. வாக்கி டாக்கி கூப்பிடுது. சொல்லு மாப்ள. கேக்குது, சொல்லு. மாப்ள? ம்... விட்டுட்டான். என்ன அப்படிப் பாக்குறீங்க? சத்தம் கம்மியா வச்சிருக்கேன், பழக்கம் இல்லாதவங்களுக்குக் கேக்காது. எங்களுக்கெல்லாம் அது காதுல கேக்குறது இல்ல, எலும்புல கேக்கும்.

மாப்ளன்னா என் தங்கச்சி புருஷன். கீழ நின்னு சிக்னல் குடுக்குறது அவன். நீங்க இந்த சைட்டுக்குப் புதுசுல்ல? வர்றப்ப அண்ணாந்து பாத்திருப்பீங்க, மஞ்சக் கலர்ல ஒண்ணு வானத்துக்கும் பூமிக்குமா நிக்குமே, அதோட தலையில ஒரு கண்ணாடிப் பொட்டி. அதுக்குள்ள ஒரு ஆளு. அந்த ஆளு நான்தான். கிரேன் ஆபரேட்டர்னு கார்டுல போட்டிருப்பாங்க. காலடியிலயும் கண்ணாடி. நாள் முழுக்க ரெண்டு முட்டிக்கு நடுவுல குனிஞ்சு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். கீழ எல்லாரும் எறும்பு. எறும்புல எது மாப்ளன்னு மட்டும் எனக்குத் தெரியும். அவன் நிக்கிற நிப்புலயே தெரியும்.

அவனுக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான்தான். தங்கச்சி முதல்ல வேண்டாம்னா. அப்புறம் ஒரே ஒரு வார்த்த சொன்னா. அண்ணே, மேல உக்காந்திருக்கிறது நீன்னா எனக்குப் பயமில்லன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட அதப்பத்திப் பேசினது இல்ல. நல்ல பையன்தான் சிஸ்டர், என்ன, எதையும் சார்ஜ் போட்டு வைக்கிற பழக்கம் மட்டும் கிடையாது. போனு, டார்ச்சு, வாக்கி, எல்லாத்தையும் சாக விட்டுட்டு என்கிட்ட வந்து புடுங்குவான்.

முன்னாடி இங்க ஒரு கம்பவுண்டர் இருந்தாரு. தங்கமான மனுஷன். வாசல்ல நிக்கிறப்பவே முகத்தப் பாத்து, என்னப்பா உசுரோடதான இருக்கன்னு கேட்டுக் கையெழுத்துப் போட்டுருவாரு. இந்த ப்ரஷர் பாக்குற பட்டி, மெஷின் எல்லாம் அந்த ஆணியிலதான் தொங்கும். நீங்கதான் மொதமொதல்ல எடுத்துக் கட்டுறீங்க. நல்லது. நான் குறையாச் சொல்லல. புது நர்ஸ் வந்திருக்காங்க, ஒழுங்காப் பாக்குறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்.

நீங்க சரின்னு போட்டாத்தான் நான் ஏறணும். தெரியும்ல? மத்தியானம் பெரிய தூக்கு ஒண்ணு. மொட்டை மாடிக்கு ஏசி மெஷின், ஒரு லாரி நிறைய அது ஒண்ணுதான். அது போய் உக்காந்தாத்தான் மத்த வேலை நடக்கும். அந்தா, ஜன்னல் வழியாப் பாருங்க, வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டுக் குறுக்கும் நெடுக்கும் நடக்குறாரே, அவருதான் மேனேஜர். என்னப் பாக்க வரல அவரு. உங்க பேனாவப் பாக்க வந்திருக்காரு.

வேற ஆளு இல்லையான்னா? மூணு பேர் இருந்தோம். ஒருத்தன் வேற கம்பெனிக்குப் போயிட்டான். இன்னொருத்தன் கதைய அப்புறம் சொல்றேன். மிச்சம் நான். ரெண்டு பேரு வேலையயும் சேத்துப் பாக்குறேன், பெருமையாத்தான் இருந்துச்சு. நீ இல்லாம முடியாதுப்பான்னு சொல்லுவாங்கல்ல, அதுல ஒரு போதை. சொல்றவன் சொல்லிட்டுப் போயிருவான். கேட்டவன் மாட்டுனான்.

உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? சிரிக்கக் கூடாது. வாக்கில நாங்க பேசுறது நாலே வார்த்ததான். ஏத்து, இறக்கு, நிறுத்து, மெதுவா. குழந்தைகூடக் கத்துக்கும். ஆனா அதுல ஒரு வில்லங்கம். இப்ப சுமை தொங்குது, அடியில ஒருத்தன் போயிட்டான்னு வைங்க. நாம சாதாரணமா எப்படிச் சொல்லுவோம்? கீழ ஆள் இருக்குன்னு சொல்லுவோம். வாக்கியில கரகரன்னு பாதி வார்த்தைய முழுங்கிரும். ஆளக் காணோம். மேல எனக்கு என்ன கேக்கும்? கீழ... க்கு. அது இருக்கா, இறக்கா? எங்க, ரெண்டையும் சொல்லிப் பாருங்க. வேகமா. பாத்தீங்களா? ஒரே எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்கு அடியில மனுஷன் நிக்கிறான்.

அதனால நானே ஒரு சட்டம் போட்டேன். இந்த சைட்டுல வாக்கியில எவனும் இருக்குங்கிற வார்த்தையச் சொல்லக் கூடாது. ஆள் நிக்குதுன்னு சொல்லு, கம்பி கிடக்குன்னு சொல்லு, என்ன வேணா சொல்லு. இருக்கு கூடாது. டீ இருக்குன்னு ஒருத்தன் சொன்னான், அன்னைக்கு அவனுக்கு டீ கிடையாதுன்னுட்டேன். கிறுக்கன்னு சிரிச்சாங்க. சிரிக்கட்டும். இன்னை வரைக்கும் இங்க யாருக்கும் ஒரு கீறல் விழுந்தது இல்ல.

சைட்டுக்குச் சட்டம் போடலாம். வீட்டுக்காரிக்கு யாரு போடுறது? மேசையில சாப்பாடு இருக்குங்கிறா, என் வலது கை அது பாட்டுக்கு முன்னாடி போகுது. கிரேன்ல லீவர முன்னாடி தள்ளுனா சுமை இறங்கும், பின்னாடி இழுத்தா ஏறும். கை போன வேகத்துல டம்ளர் உருண்டு தண்ணி பூரா தரையில. என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அம்மா, அப்பா தண்ணிய இறக்கிட்டாருன்னு. நானும் சிரிச்சேன். அப்புறம் அவளே வேணும்னு அப்பா பென்சில் இருக்கு, அப்பா பூனை இருக்குன்னு சொல்லிப் பாப்பா, கை போகும், சிரிப்போம். அது ஒரு விளையாட்டா ஓடுச்சு கொஞ்ச நாள்.

தூக்கத்துலயும் கை போக ஆரம்பிச்சப்ப வீட்டுக்காரி சிரிக்கல. இப்ப அவளும் பொண்ணும் முன் ரூம்ல படுத்துக்குறாங்க. சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது. தூங்குற புள்ள மேல கை கிய்யி பட்டுரக் கூடாதுல்ல, அதான்.

தூக்கமா? ம். படுப்பேன். கண்ண மூடுவேன். தூக்கம்னு சொல்ல முடியாது. கண்ண மூடுனாலும் சுமை தொங்கிக்கிட்டே இருக்கும், அத எங்கயாவது வைக்கணும்ல, வைக்க இடம் கிடைக்காது. விடிஞ்சிரும். வயிறு காலையிலயே எரிய ஆரம்பிச்சிரும், காரமே சேக்குறது இல்ல, ஆனாலும் எரியுது. கழுத்து இந்தப் பக்கம் திரும்பும், அந்தப் பக்கம் திரும்பாது. இந்தக் கண்ணப் பாருங்க, துடிக்குதா? வலது கண் துடிச்சா ஆம்பளைக்கு நல்லதும்பாங்க. ஆறு மாசமாத் துடிக்குது, இன்னும் அந்த நல்லது வழி கண்டுபிடிச்சு வரல.

தண்ணி குடிக்கிறதையும் விட்டுட்டேன். குடிச்சா இறங்கணும். இறங்குனா ஏணி ஏறணும், அதுக்குள்ள கீழ பத்து பேரு கடிகாரத்தப் பாப்பான். வாய நனைச்சுத் துப்பிருவேன். அது தப்புன்னு தெரியும், திட்டாதீங்க.

இதையெல்லாம் விடுங்க, அதுல ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் உள்ளதுதான. ஒண்ணுதான் மனசுல குத்திக்கிட்டே கிடக்கு. போன வாரம் பொண்ணு சாப்பிடுறப்ப ஸ்பூனக் கீழ போட்டுட்டா. டிங்குன்னு ஒரு சத்தம். எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, எந்திரிச்சுக் கத்துனேன் பாருங்க, பக்கத்து வீட்டுக் கதவு திறந்துச்சு. அவ அழுதிருந்தாக்கூடத் தூக்கி வச்சு சமாதானம் பண்ணியிருப்பேன். அழல. ஸ்பூன எடுத்துத் துடைச்சு, சத்தம் வராம மேசையில வச்சா. அன்னையிலருந்து வீட்ல ரெண்டு பேரும் எல்லாத்தையும் சத்தம் வராமத்தான் வைக்கிறாங்க. பென்சில் இருக்கு, பூனை இருக்குன்னு யாரும் விளையாடுறது இல்ல.

சரி, இப்பப் பாருங்க. ரெண்டாவது தடவ. வாயையே திறக்க மாட்டேன்.

என்ன சொல்லுது? நார்மலா இருக்கா?

கையப் பாத்தீங்களா? போச்சு பாத்தீங்களா? நீங்க சொன்ன அந்த இருக்குக்குத்தான். பட்டியோட சேந்து முன்னாடி போச்சு. இதத்தான் சொன்னேன்.

மொதல்ல பாத்ததும் நார்மல்தானா? மெஷின் பழசோ? இல்லையா, சரியாத்தான் காட்டுதா. சந்தோஷம். சந்தோஷப்படுற மூஞ்சி மாதிரி இல்லையா? என் மூஞ்சியே அப்படித்தான். இல்ல சிஸ்டர், எனக்கு ஆச்சரியம் என்னன்னா, இந்த உடம்புக்கு ஒரு வெவஸ்தை வேண்டாமா? வீட்ல மானத்த வாங்குது, மேல மானத்த வாங்குது, உங்க முன்னாடி வந்ததும் பரீட்சைக்கு வந்த புள்ளையாட்டம் கையக் கட்டி உக்காந்திருக்கு. இங்க கொஞ்சம் ஏறித் தொலைஞ்சா என்ன?

ம்? இல்லல்ல, ஒண்ணும் சொல்லல.

மன அழுத்தமா? எனக்கா? எங்க தொழில்ல டென்ஷன்னா அது கயித்துக்குத்தான் வரும், மனுஷனுக்கு வராது. கம்பிக் கயிறு பாத்திருக்கீங்களா, என் கட்டை விரல் மொத்தம். அது படக்குன்னு அறாது. உள்ள ஒவ்வொரு இழையாப் போகும், வெளிய கிரீஸ் பளபளன்னுதான் தெரியும். அதுக்குன்னு மாசாமாசம் ஒருத்தர் வந்து விரல வச்சுத் தடவித் தடவிப் பாத்துட்டுப் போவாரு. கயித்துக்கு அந்தக் குடுப்பினை உண்டு.

இன்னொருத்தன் கதைய சொல்றேன்னேன்ல. நல்ல கைக்காரன் சிஸ்டர், முட்டைய மேல தூக்கி மேசையில வைப்பான், உடையாது. ஒரு நாள் பாதி வேலையில இறங்கி வந்துட்டான். தலை சுத்துது, கீழ பாக்கப் பயமா வருதுன்னான். மேனேஜர் ஒரு மாத்திரையக் குடுத்து, பயமெல்லாம் பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான்டா, போ ஏறுன்னாரு. அவன் ஏறல. அன்னையிலருந்து அவன் பேரு மயக்கம். மயக்கம் வந்தாச்சா, மயக்கம் சாப்பிட்டாச்சா. இப்ப ஸ்டோர்ல பெயிண்ட் டப்பா எண்ணிக் குடுத்துக்கிட்டுக் கிடக்கான். அந்தப் பேர யாரு வச்சாங்கிறீங்க? இந்த ஐயாதான். நம்ம வாய் சும்மா கிடக்காதே.

அதனால நானாப் போயி மேனேஜர்கிட்ட இன்னைக்கு ஏறலன்னு சொல்ல முடியாது பாருங்க. சொன்னா மயக்கம் ரெண்டு. மெஷின் சொல்லிருச்சு, நர்ஸ் ஏற விடலன்னா அது வேற. அதுக்கு யாரும் சிரிக்க மாட்டான். ப்ரஷர் யாருக்கு வேணா வரும், அது கௌரவமான வியாதி.

ஆமா. அதுக்குத்தான் வந்தேன். மறுபடி பாருங்க, மறுபடி பாருங்கன்னு உயிர எடுக்குறேனே, கொறஞ்சு காட்டணும்னுதான் எடுக்குறேன்னு நெனச்சீங்களா?

இருங்க. இருங்க. ...சொல்லு மாப்ள! இங்க ரூம்ல இருக்கேன். ச்சே, பாருங்க, நானே சொல்லிட்டேன். ரூம்ல உக்காந்திருக்கேன் மாப்ள. இன்னும் முடியல. நான் இல்லாம எதையும் தொடாதீங்க. சரியா?

எங்க விட்டேன்? முந்தாநாளு. இல்ல, முந்தாநாளப் பத்தி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையோ?

ஒரு கம்பிக்கட்டு. ஒண்ணும் பெருசு இல்ல, நாள் முழுக்கத் தூக்குறதுதான். மாப்ள முஷ்டிய மூடிக் கையத் தூக்குனான், நிறுத்துன்னு அர்த்தம். நிறுத்துனேன். தலைக்கு மேல ஒரு ஆள் உயரத்துல தொங்குது. கம்பி தரையில படாம இருக்க அடியில மரக்கட்டை போடுவோம், அது நகந்து கிடந்திருக்கு. சரி பண்ணலாம்னு அவனே அடியில குனிஞ்சு போயிட்டான். போகக் கூடாது. ஆனா மேல மச்சான்தான உக்காந்திருக்கான்னு போயிட்டான். எனக்குத் தொப்பி மட்டும் தெரியுது, மஞ்சத் தொப்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் தெரியுற மாதிரிதான் இருந்துச்சு.

அப்ப வாக்கியில வந்துச்சு. இறக்கு.

தெளிவாச் சிஸ்டர். கரகரப்பெல்லாம் இல்ல. அவன் குரல்தான். இறக்கு மச்சான். நான் தள்ளுனேன்.

எவனோ விசில் அடிச்சான், யாருன்னுகூடத் தெரியல. அந்த விசிலுக்கு நின்னுச்சு. கம்பி அவன் தொப்பியத் தொட்டு, தொப்பி உருண்டு போயிருச்சு. தொப்பி மட்டும். அவன் என்ன பண்ணுனான் தெரியுமா? வெளிய வந்து, அண்ணாந்து பாத்து, தலையத் தடவிக்கிட்டே சிரிச்சான். என்ன மச்சான், தங்கச்சிக்கு வேற மாப்ள பாத்துட்டியான்னு வாக்கியில கேக்குறான்.

இறங்குனதும் கேட்டேன். ஏண்டா அடியில நின்னுக்கிட்டு இறக்குன்னு சொன்னன்னு. நான் எங்க சொன்னேன்னான். ரெண்டு கையாலயும் கட்டையத் தூக்கிப் புடிச்சிருந்தேன் மச்சான், பட்டன அமுக்காம வாக்கியில எப்படிப் பேசுறதுன்னான். நியாயம்தான? மூணாவது கை கிடையாதே அவனுக்கு. காத்து தள்ளிருச்சு மாப்ளன்னேன். நம்பிட்டான். நான் சொன்னா நம்புவான்.

அன்னைக்கு ராத்திரி தங்கச்சி போன் பண்ணி எப்பவும் போல, அண்ணே சாப்பிட்டியான்னு கேட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சாப்பிட்டேம்மான்னேன்.

நேத்து லீவு. அதனால தப்பிச்சோம். இன்னைக்கு மத்தியானம் அந்த ஏசி மெஷினுக்கு அடியிலயும் அவன்தான் நிக்கப் போறான். அத நெனச்சா இப்பக்கூட உள்ளங்கை வேர்க்குது, தொட்டுப் பாருங்க. வேர்வைக்கு மெஷின் ஏதாவது உண்டா? அதுலயாவது ஏதாவது காட்டுமான்னு பாருங்களேன்.

இந்தா, மறுபடி கூப்பிடுறான். இப்பக் கேட்டுச்சுல்ல? இவ்வளவு சத்தமா... கேக்கலையா? என்ன சிஸ்டர், பக்கத்துலதான உக்காந்திருக்கீங்க.

வாக்கிய எதுக்கு எடுக்குறீங்க? வச்சிருங்க, அது சைட்டுச் சாமான், கீழ போட்டா என்னைக் கேப்பாங்க. பின்னாடி திறந்தா என்ன தெரியப் போகுது...

காலியா?

ஆமா. காலியாத்தான் இருக்கும். காலையில வாசல்ல நின்னான். மச்சான் என்னோடது செத்துப் போச்சு, நீ நர்ஸ் ரூமுக்குத்தான போற, உன் பேட்டரியக் குடுன்னான். கழட்டி நான்தான் அவன் கையில குடுத்தேன். ஆமா. இப்ப ஞாபகம் வருது.

அப்ப இவ்வளவு நேரம் என்னக் கூப்பிட்டது யாரு சிஸ்டர்?

இல்ல, நீங்க பதில் சொல்ல வேண்டாம். நான் யாருக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன்னு நெனச்சா... கொஞ்சம் தண்ணி குடுங்க. குடிக்கிறேன். இன்னைக்குக் குடிக்கிறேன்.

வெள்ளத் தொப்பி கதவுகிட்ட வந்துட்டாரு. கேப்பாரு உங்ககிட்ட. மெஷின் சொன்னத அப்படியே எழுதிக்குங்க, பொய் எழுதச் சொல்லல. அதுக்குக் கீழ மெஷினுக்குக் கேக்காதத எழுதுங்க. இவன் காதுல யாரோ பேசுறாங்கன்னு எழுதுங்க. மயக்கம்னு வேணும்னாலும் எழுதுங்க, பேரு ஏற்கனவே தயாராத்தான் இருக்கு. எத எழுதினாலும் சரி, அந்த ஏணியில மட்டும் என்னை ஏற விட்டுறாதீங்க. சொல்லாதவன் சொல்றதெல்லாம் எனக்குக் கேக்குது சிஸ்டர். உசுரோட முன்னாடி உக்காந்திருக்கிற நீங்க ஒரு தடவ வாயத் திறந்து சொல்லுங்க. இறக்குன்னு சொல்லுங்க. என்னை இறக்கி விட்டுருங்க.